கோதுமையும் ரொட்டியும்: ‘செமிட்டிக்’ என்ற சோம்பேறிச் சொல்

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அந்த நூலுக்கும் வேதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நம் மேடைகளில் மைக் கிடைத்தவர் எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும்? பேச்சாளர் ரிக் வேதத்தின் நாசதீய சூக்தத்தில் போய் நின்றார். படைப்புக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் பதிலைச் சந்தேகத்திலேயே விட்டுவிடுகிற கவிதை அது. உருகி உருகிப் பேசினார். நன்றாகவே பேசினார். பிறகு குரலை மாற்றினார்.

“இப்ப இந்தப் பக்கம் பாருங்க. செமிட்டிக் மதங்கள். கடவுள் ஆகட்டும்னு சொன்னாரு, ஆயிருச்சு. ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் லீவு. கேள்வியும் கெடையாது, சந்தேகமும் கெடையாது. அப்புறம் தத்துவம் எங்கேர்ந்து வரும்?”

கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி அதைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அதுதான் இதை எழுத வைத்தது. பேச்சாளர் தான் சொன்னதை நாளைக்கே மறந்துவிடுவார். அந்தப் பெண் மறக்கமாட்டார்.

நானும் ஒரு காலத்தில் கைதட்டியவன்தான். இருபத்து மூன்று வயதில் ‘செமிட்டிக் மனம்’, ‘ஒற்றைப் புத்தகம்’, ‘நேர்கோட்டுக் காலம்’ என்ற சொற்களையெல்லாம் நண்பர்களிடம் அள்ளி வீசியிருக்கிறேன். ஆதியாகமத்தின் முதல் அத்தியாயத்தைக்கூட முழுதாகப் படிக்காமல். இந்தச் சொல்லின் வசதியே அதுதான். யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் வைத்துவிடலாம். மூன்றில் எதையும் வாசிக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சாக்கு எங்கே தைக்கப்பட்டது என்று பார்ப்போம். ‘செமிட்டிக்’ என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். ஹீப்ரு, அரபு, அரமேயம், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எல்லாம் அதில் அடக்கம். 1781இல் ஷ்லோட்ஸர் என்ற ஜெர்மானிய அறிஞர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். மொழிக்கு வைத்த பெயரை மனத்துக்கு மாற்றியவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள். அதில் முக்கியமானவர் பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான். செமிட்டிக் இனத்தாருக்குப் புராணம் கிடையாது, தத்துவம் கிடையாது, அவர்களுடைய பாலைவனம் அவர்களுக்குக் கொடுத்தது ஒற்றைக் கடவுள் மட்டுமே என்று அவர் எழுதினார். ‘ஆரிய’ மேன்மையைப் பேச அவருக்கு எதிரில் ஒரு தட்டையான முகம் தேவைப்பட்டது. கிள்ளான் மண்டபத்தில் காலனிய எதிர்ப்பின் தொனியில் ஒலித்தது அந்த ரெனானின் சரக்குதான். கைமாறிக் கைமாறி வந்ததில் லேபிள் உதிர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவே.

சரி, சரக்கு யாருடையதாக இருந்தால் என்ன, உண்மையா இல்லையா என்பதுதானே கேள்வி? வாருங்கள், முதல் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

நாம் ‘ஆதியாகமம்’ என்கிற நூலுக்கு ஹீப்ருவில் பெயர் ‘பெரேஷித்’. நூலின் முதல் சொல்லே அதன் பெயர். தமிழ் பைபிளைப் படித்தவர்களுக்கு அது ‘ஆதியிலே’ என்று தெளிவாக இருக்கிறது. ஹீப்ருவில் அத்தனை தெளிவில்லை. அந்தச் சொல்லின் வடிவம் இன்னொரு சொல்லோடு சேர வேண்டிய வடிவம், ‘இன்னதன் தொடக்கத்தில்’ என்பதுபோல. ஆனால் அடுத்து வருவது பெயர்ச்சொல் இல்லை, வினைச்சொல். ஆக, நூலின் முதல் வாக்கியமே இலக்கணத்தில் இடறுகிறது.

இதைச் சுட்டிக்காட்டியவர் மதத்தை மறுத்தவர் அல்ல, ராஷி. 1040 முதல் 1105 வரை பிரான்சின் ட்ருவா நகரத்தில் வாழ்ந்தவர். யூதப் பிள்ளைகள் இன்றும் தோராவை வாசிக்கப் பழகுவது அவர் உரையோடுதான். நம் பரிமேலழகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வீட்டுக்குள் வந்தவர். இந்த வாக்கியம் எது முதலில் படைக்கப்பட்டது என்ற வரிசையைச் சொல்ல வரவில்லை என்கிறார் ராஷி. வரிசைதான் என்றால் அடுத்த வரியில் தண்ணீர் ஏற்கனவே இருக்கிறதே, அது எப்போது படைக்கப்பட்டது? ஆகவே, கடவுள் வானையும் மண்ணையும் படைக்கத் தொடங்கிய வேளையில், மண் உருவற்றுக் கிடந்தபோது, ஒளி வந்தது என்று வாசிக்க வேண்டும் என்கிறார். ஆங்கிலத்தில் இந்த வாசிப்பு மூச்சுத் திணறும். பெயரெச்சத்தை அடுக்கிக்கொண்டே போகும் நமக்கு இது லட்டு மாதிரி.

இந்த வாக்கியம் ‘என்னை வாசித்து விளக்கு’ என்று கேட்கிறது, வேறொன்றும் சொல்லவில்லை என்பதுபோல ஒரு குறிப்பும் வைக்கிறார். வேதத்தின் முதல் வரியைப் பற்றி, அந்த மரபின் மிகப் பெரிய உரையாசிரியர், 900 ஆண்டுகளுக்கு முன்னால். கேள்வி கிடையாதாம்.

முதல் எழுத்தைப் பற்றியும் சண்டை உண்டு. அரிச்சுவடியின் முதல் எழுத்தான ஆலெஃபில் தொடங்காமல் இரண்டாம் எழுத்தான பேத்தில் ஏன் தோரா தொடங்குகிறது? ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டிப் பாலஸ்தீனத்தில் தொகுக்கப்பட்ட ‘பெரேஷித் ரப்பா’ என்ற மித்ராஷ் நூலில் ஒரு பதில் இருக்கிறது. மித்ராஷ் என்றால் வேத வரிகளுக்கு இடையில் கதையாகவும் வாதமாகவும் நுழைந்து பார்க்கும் உரை. பேத் எழுத்துக்கு மேலே, கீழே, பின்னால் மூன்று பக்கமும் அடைப்பு. ஹீப்ரு வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து என்பதால், வாசிப்பு நகரும் திசையில் மட்டும் திறப்பு. மேலே என்ன, கீழே என்ன, முன்னால் என்ன இருந்தது என்று துருவாதே, இங்கிருந்து முன்னே போ என்கிறது எழுத்தின் உருவம்.

“பாத்தீங்களா, கேள்விக்குத் தடை!” என்று நம் பேச்சாளர் துள்ளலாம். தடைதான், ஒப்புக்கொள்கிறேன். மிஷ்னா (ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட சட்டநூல்) படைப்பின் மர்மத்தை இரண்டு மாணவர்களுக்குச் சேர்த்துக்கூடச் சொல்லித்தராதே என்கிறது. மைமோனிடிஸ் விசுவாசத்தின் பதின்மூன்று அடிப்படைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். இந்த மரபை ஒரு திறந்தவெளிப் பல்கலைக்கழகமாகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. அந்த விவாதக் கூடத்தில் பெண்களுக்கு நாற்காலி போடவே நூற்றாண்டுகள் ஆயின. நான் சொல்ல வருவது வேறு. தடை போட்ட அதே ஆட்கள் அந்தத் தடைக்குக் கீழேயே பக்கம் பக்கமாக அதைப் பேசினார்கள். துருவாதே என்று சொல்லும் அதே பெரேஷித் ரப்பாவில், இந்த உலகத்துக்கு முன்னால் கடவுள் பல உலகங்களைப் படைத்துப் படைத்து, பிடிக்காமல் அழித்துக்கொண்டிருந்தார் என்று ரபி அபாகு சொல்கிறார். ஆகட்டும் என்றார், ஆயிற்று என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! இவர் கசக்கிப் போட்ட தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கடவுள்.

‘ஒன்றுமில்லாததிலிருந்து படைப்பு’ என்பதுகூட அங்கே முடிந்துபோன விஷயமாக இருக்கவில்லை. மைமோனிடிஸ் 1190 வாக்கில் எகிப்தில் அரபு மொழியில் எழுதி முடித்த ‘குழம்பியோருக்கான வழிகாட்டி’யில் மூன்று நிலைப்பாடுகளை வைக்கிறார். ஒன்றுமில்லாததிலிருந்து என்பது தோராவினுடையது, என்றென்றும் இருந்த பருப்பொருளிலிருந்து என்பது பிளேட்டோவினுடையது, உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது அரிஸ்டாட்டிலுடையது. தான் முதலாவதை ஏற்பதற்கு வேத வரிகள் காரணமல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறார். கடவுளுக்குக் கையும் காலும் இருப்பதாக வரும் வரிகளுக்கு உருவகமாகப் பொருள் சொன்னதுபோல, படைப்பு வரிகளுக்கும் சொல்லிவிட முடியும். அரிஸ்டாட்டில் நிரூபிக்கவில்லை என்பதால்தான் சொல்லவில்லை என்கிறார். நிரூபணம் வந்தால் வேதத்தை வேறு மாதிரி வாசிப்பேன் என்பதல்லவா இதன் பொருள்? அடுத்த தலைமுறைகளில் தென்பிரான்சின் கெர்சோனிடிஸ் (1288–1344), வானியல் அறிஞரும்கூட, உருவற்ற ஒரு மூலப்பொருளிலிருந்துதான் உலகம் வந்தது என்று எழுதினார். திட்டினார்கள். ஆனால் தோராவுக்கு அவர் எழுதிய உரை இன்றும் அச்சில் இருக்கிறது.

இதெல்லாம் தத்துவவாதிகளின் விளையாட்டு என்று ஒதுக்கினால் ஒதுக்குங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கதை.

யூதேயாவை ஆண்ட ரோமானிய ஆளுநர் டூர்னுஸ் ரூஃபுஸ், ரபி அகிவாவிடம் ஒரு கேள்வி கேட்கிறான். யாருடைய வேலை அழகு, கடவுளுடையதா மனிதனுடையதா? கண்ணி வைக்கிறான். கடவுளுடையது என்றால், பிறகு ஏன் பிறந்த குழந்தைக்கு விருத்தசேதனம் செய்து கடவுளின் வேலையில் கைவைக்கிறீர்கள் என்று மடக்கலாம். அகிவா அசரவில்லை. மனிதனுடைய வேலைதான் அழகு என்கிறார். வானத்தையும் பூமியையும் மனிதனால் செய்ய முடியுமா என்று ஆளுநர் கேட்கிறான். முடியாததைப் பற்றி ஏன் பேசுகிறாய், கைக்கு எட்டுவதைப் பேசு என்று சொல்லிவிட்டு, கோதுமைக் கதிர்களையும் சுட்ட ரொட்டிகளையும் கொண்டுவரச் சொல்கிறார். இது கடவுள் செய்தது. இது மனிதன் செய்தது. எதைத் தின்பாய்?

‘தன்ஹூமா’ என்ற மித்ராஷ் தொகுப்பில் வரும் கதை. அகிவா சாதாரண ஆள் இல்லை. பின்னால் ரோமானியர்கள் இரும்புச் சீப்புகளால் அவர் உடலைக் கிழித்துக் கொன்றதாகத் தால்முத் சொல்கிறது. கடவுளுக்காக உயிரைக் கொடுத்தவராக அந்த மரபு கொண்டாடும் மனிதர்தான், மனிதன் சுட்ட ரொட்டி கடவுளின் கோதுமையைவிட மேல் என்று சொல்பவர். பெரேஷித் ரப்பாவிலும் இதே எண்ணம் வேறு வார்த்தைகளில் இருக்கிறது. ஆறு நாளில் படைக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. கடுகுக்குக் காரம் குறைக்க வேண்டும், கோதுமையை அரைக்க வேண்டும், மனிதனையும் திருத்த வேண்டும். ஏழாம் நாளைப் பற்றிய வசனம் ஹீப்ருவில் ‘செய்வதற்கு’ என்ற சொல்லில் முடிகிறது. ஓய்வைச் சொல்லும் வாக்கியத்தின் கடைசிச் சொல் அது! உரையாசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதாவது, யூத மரபின் பெரும்பகுதி படைப்பை முடிந்துபோன சம்பவமாகப் பார்க்கவில்லை. பாதியில் கைமாற்றித் தரப்பட்ட வேலையாகப் பார்க்கிறது. நம் மேடைகளில் ‘ஆகட்டும், ஆயிற்று’ என்று கேலி செய்யும்போது தவறவிடுவது இதைத்தான்.

அந்த ‘லீவு’ விஷயத்துக்கு வருவோம். பேச்சாளர் சிரிப்பு வாங்கிய இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே வருவோம். சபாத் ஓய்வைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்தது ரோமானியர்களின் பழக்கம். செனகா செய்தார், டாசிட்டஸ் செய்தார். நல்ல சகவாசம்தான்.

பத்துக் கட்டளைகள் தோராவில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமத்தில் சபாத்துக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு: கடவுள் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்தார், நீயும் ஓய்ந்திரு. உபாகமத்தில் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள். ஒரே கட்டளைக்கு இரண்டு காரணங்கள். படைப்பும் விடுதலையும் ஒரே நாளில் வந்து சேருகின்றன. ஓய்வு எஜமானனுக்கு மட்டும் இல்லை, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு நாள் ஓய்வு என்பதில் தத்துவம் எங்கே என்று நாம் கேட்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அப்படி அந்த நாளில் எதைத்தான் செய்யக்கூடாது? மிஷ்னா 39 வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஹீப்ருவில் இந்த வகை வேலைக்கு ‘மெலாகா’ என்று பெயர். நம் மலாக்கா இல்லை. ஆனால் ஆறு நாள் முடிவில் கடவுள் செய்து முடித்ததாகச் சொல்லப்படும் வேலைக்கும் இதே சொல்தான். பாலைவனத்தில் இஸ்ரவேலர்கள் கட்டிய கூடாரத் திருத்தலத்தின் வேலைக்கும் இதே சொல். ‘பாரா’, அதாவது படைத்தல், என்ற வினைக்கு ஹீப்ரு வேதத்தில் கடவுளைத் தவிர வேறு எழுவாய் கிடையாது. ‘மெலாகா’வோ இருவருக்கும் பொது. பட்டியலின் முதல் பதினொன்று என்ன தெரியுமா? விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுதல், போரடித்தல் என்று தொடங்கி அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல் வரை. கோதுமை ரொட்டியாகும் வழி! அகிவாவின் ரொட்டி சட்டநூலுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே பட்டியலில் எழுத்தாளர்களுக்கும் இரண்டு இருக்கின்றன. இரண்டு எழுத்துகளை எழுதுதல் ஒன்று. இரண்டு எழுத்துகளை எழுதுவதற்காக அழித்தல் இன்னொன்று. அழிப்பதும் ஆக்கும் வேலை என்று சட்டம் சொல்கிறது, நிபந்தனையோடு. வெறுமனே நாசம் செய்வது இந்தக் கணக்கில் சேராது. திரும்ப எழுதும் நோக்கத்தோடு அழித்தால்தான் அது மெலாகா.

இதை வாசித்தபோது நம் ‘படைப்பாளி’கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். உலகத்தில் வேறு எந்த மொழியிலும் இத்தனை தாராளமாக இந்தப் பட்டத்தை வழங்குகிறார்களா என்று தெரியவில்லை. முதல் கவிதை மின்னிதழில் வந்த மறுநாள் படைப்பாளி. ‘என் படைப்பில் கைவைக்காதீர்கள்’ என்று எடிட்டருக்கு மின்னஞ்சல். விமர்சனம் எழுதினால் ‘படைப்பு மனம் உங்களுக்குப் புரியாது’. இவர்கள் மனத்தில் இருப்பது யார் என்றால், அவர்களே கேலி செய்யும் அந்த ஆகட்டும்-ஆயிற்று கடவுள்தான். செமிட்டிக் மதத்தில் இருப்பதாகச் சொல்லும் சர்வாதிகாரி உண்மையில் குடியிருப்பது நம் கவிதைத் தொகுப்புகளின் முன்னுரைகளில். ஆடி மாதம் அம்மனுக்குப் படையல் போடுகிறோமே, அந்தப் ‘படை’த்தலும் தமிழில் இதே சொல்தான். பரிமாறுவது, முன்னால் வைப்பது. அந்தப் பொருளில் யாரும் தன்னைப் படைப்பாளி என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை.

சர்வவல்லமை என்பதற்கே அந்த மரபு செய்த ஒரு விசித்திரமான காரியம் உண்டு. கலிலேயாவின் ஸஃபேத் என்ற மலைநகரத்தில் ஐசக் லூரியா 1572இல், 38 வயதில் இறந்தார். தானாக எழுதியது மிகக் குறைவு; அவர் சொன்னதை எழுதிவைத்தவர் சீடர் ஹயீம் விட்டால். எங்கும் கடவுளே நிறைந்திருந்தால் உலகத்துக்கு ஏது இடம்? ஆகவே படைப்பின் முதல் செயல் சொல்வது இல்லை, செய்வதும் இல்லை. ஒதுங்குவது. கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒரு வெற்றிடத்தை விட்டுக்கொடுக்கிறார். ‘ட்ஸிம்ட்ஸும்’ என்று அதற்குப் பெயர். பிறகு அந்த இடத்துக்குள் ஒளி பாய்கிறது, ஒளியை ஏந்த வேண்டிய பாத்திரங்கள் தாங்காமல் உடைகின்றன, பொறிகள் சிதறுகின்றன. நாம் பார்க்கும் உலகம் அந்த உடைசலுக்கு நடுவில் இருக்கிறது. பொறிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலை மனிதனுக்கு. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் விரட்டப்பட்ட வலிதான் இந்தக் கற்பனைக்குள் இருக்கிறது, கடவுளே நாடு கடந்தவராகிறார் என்று கெர்ஷோம் ஷோலெம் வாசித்தார். மோஷே இடெல் அதை மறுத்தார். அந்த எண்ணங்கள் அதற்கு முன்பே இருந்தன என்றார். எனக்கு ஷோலெம் சொல்வது பிடிக்கும், இடெல் சொல்வது சரியாக இருக்கும் என்று தோன்றும்.

இனி கஷ்டமான பகுதி. இவ்வளவு நேரம் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்திருப்பீர்கள். ‘காசாவில் இத்தனை பிள்ளைகளைக் கொன்றிருக்கும்போது இவனுக்கு யூத மரபு கேட்குதா?’ மலேசியாவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவும் கூடாது. அந்தக் கோபம் என்னுடையதும்தான்.

அதனால்தான் ராஷியிடம் திரும்பப் போகிறேன். இலக்கணம் பேசுவதற்கு முன்பே, தோராவுக்கு அவர் எழுதிய உரையின் முதல் குறிப்பு வேறு ஒரு கேள்வி. சட்டநூல்தானே தோரா, முதல் சட்டத்தில் தொடங்காமல் ஏன் படைப்பில் தொடங்க வேண்டும்? அவர் எடுத்துக்காட்டும் பழைய பதில் இது: கானான் தேசத்து ஏழு இனங்களின் மண்ணைப் பிடுங்கிக்கொண்ட திருடர்கள் நீங்கள் என்று உலகம் இஸ்ரவேலரைச் சொன்னால், உலகம் முழுக்கக் கடவுள் படைத்தது, விரும்பியவருக்குக் கொடுத்தார், பிறகு அவர்களிடமிருந்து எடுத்து எங்களுக்குக் கொடுத்தார் என்று பதில் சொல்வதற்காக.

மேற்குக் கரையில் குடியேறும் கூட்டத்தார் இன்று இதைப் பத்திரம் மாதிரி நீட்டுகிறார்கள். படைப்புக் கதை ஒரு நிலப்பட்டாவாகிவிட்டது. இதை மறைத்துவிட்டு ரொட்டிக் கதையை மட்டும் சொன்னால் நான் பொய்யன்.

ஆனால் யார், எப்போது எழுதியது? ட்ருவாவில் இருந்த ராஷிக்கு ஒரு சாண் நாடு கிடையாது, ஒரு படைவீரன் கிடையாது. அவர் இளமையில் படித்த வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களை 1096இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் வெட்டிக் கொன்றன. அது அவர் வாழ்நாளிலேயே நடந்தது. எதுவும் இல்லாதவன் ‘எங்களுக்கும் ஒரு மண் இருந்தது’ என்று சொல்வதும், போர் விமானம் வைத்திருப்பவன் அதையே சொல்வதும் ஒரே வாக்கியமா? தவிர, அந்தக் குறிப்பின் தர்க்கத்தையே கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். ஒருவரிடம் கொடுத்து, எடுத்து, இன்னொருவரிடம் கொடுத்தவர், இந்த இன்னொருவரிடமிருந்தும் எடுக்கலாம். மண் என்னுடையது, நீங்கள் அதில் வந்து தங்குகிறவர்கள் மட்டுமே என்று லேவியராகமமும் கடவுள் வாயால் சொல்கிறது. படைத்தவனுக்கே சொந்தம் என்றால், யாருக்கும் பட்டா இல்லை.

இந்த வாதத்தை நான் கோலாலம்பூரில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. யெஷயாஹு லெய்போவிட்ஸ் (1903–1994) கட்டளைகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்த யூதர், ஜெருசலேமில் வாழ்ந்த விஞ்ஞானி. 1967 போர் முடிந்த கையோடு, பிடித்த நிலத்தைவிட்டு வெளியேறச் சொன்னார். நாட்டையும் நிலத்தையும் புனிதமாக்குவது விக்கிரக வழிபாடு என்றார். 1993இல் இஸ்ரேல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது எழுந்த கூச்சலில் அதை வேண்டாம் என்று விட்டார். பட்டாவாக வாசிப்பவர்களை எதிர்த்து நிற்க அவருக்குக் கிடைத்த ஆயுதம் அதே மரபுதான். ‘செமிட்டிக் மனம் இப்படித்தான்’ என்று நாம் சொல்லும்போது, லெய்போவிட்ஸை அழித்துவிட்டு குடியேறியின் வாசிப்பே சரி என்று சான்றிதழ் கொடுக்கிறோம். அவனும் அதைத்தானே சொல்கிறான், இந்த நூலுக்கு ஒரே பொருள்தான் என்று?

இந்தச் சண்டை சில இடங்களில் ஒரே ஒரு சொல்லில் நடக்கிறது. மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருபவர்களை எப்படி எச்சரிக்க வேண்டும் என்று மிஷ்னாவில் ஒரு பகுதி உண்டு. அங்கே நீதிபதிகள் சாட்சிக்குப் படைப்புக் கதையைச் சொல்கிறார்கள். மனிதன் ஏன் ஒற்றை ஆளாகப் படைக்கப்பட்டான்? ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்று தெரிந்துகொள்ள. என் அப்பன் உன் அப்பனைவிடப் பெரியவன் என்று யாரும் சொல்லாமல் இருக்க. மனிதன் ஒரே அச்சில் பல காசு அடித்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கடவுள் ஒரே ஆதாமின் அச்சில் அடித்தும் எந்த முகமும் இன்னொன்றைப்போல இல்லை. சில பிரதிகளில் ‘ஓர் உயிர்’ என்று இருக்கிறது. சில பிரதிகளில் ‘இஸ்ரவேலில் ஓர் உயிர்’ என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்தால் உலகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் பாருங்கள், பக்கத்து வாக்கியமே அந்தச் சொல்லை உதைக்கிறது. எல்லாருக்கும் ஒரே அப்பன் என்றால் இஸ்ரவேல் எங்கே வந்தது?

சாட்சியைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லப்பட்ட படைப்புக் கதை இது என்பதை நினைத்துக்கொள்கிறேன். மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியதே 2023இல்தான். ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் தூக்கு இன்னும் தொடர்கிறது, தூக்கில் போனவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. நம் இலக்கியக் கூட்டங்களில் எப்போதாவது அதைப் பேசியிருக்கிறோமா?

கடைசியாக ஒன்று. தால்முத்தில், எருவின் என்ற பகுதியில் வருகிறது. ஹில்லேலின் பள்ளியும் ஷம்மாயின் பள்ளியும் இரண்டரை ஆண்டுகள் ஒரு கேள்வியை வைத்து அடித்துக்கொண்டார்கள். மனிதன் படைக்கப்பட்டது நல்லதா, படைக்கப்படாமலே இருந்திருந்தால் நல்லதா? வாக்கெடுப்பு நடந்தது. படைக்கப்படாமல் இருந்திருந்தால் நல்லது என்பதே முடிவு. ஆனால் படைக்கப்பட்டுவிட்டானே, என்ன செய்வது? தான் செய்ததைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். படைப்பாளியை நம்புகிறவர்கள் கூடி, அவருடைய முக்கியமான வேலைக்கு எதிராக வாக்களித்து, அதைத் தங்கள் புனித நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சந்தேகம் கிடையாதாம்!

நாசதீய சூக்தம் எனக்கும் பிடித்த கவிதைதான். அதை உயர்த்துவதற்கு இன்னொன்றை மிதிக்க வேண்டியதில்லை என்று பேச்சாளரிடம் கூட்டம் முடிந்ததும் சொன்னேன். “நீங்க சொல்றதெல்லாம் விதிவிலக்கு சார்” என்றார். ராஷியும் அகிவாவும் மிஷ்னாவும் தால்முத்தும் மைமோனிடிஸும் விதிவிலக்கு என்றால் விதி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த மாதம் சுங்கைப்பட்டாணியில் இதே தலைப்பில் பேசுகிறாராம். நானும் போகிறேன். ஒரு கையில் ஒரு பிடி கோதுமையும், இன்னொரு கையில் மாமாக் கடையில் வாங்கிய சூடான ரொட்டி சானாயும் இருக்கும்.